ஓய்வுக்குப் பிறகும் வேலை: யாருக்கு மருந்து, யாருக்கு நோய்?

ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் வேலை செய்யவேண்டும், அப்போதுதான் உடம்பும் மனசும் கெடாமல் இருக்கும் என்கிற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பைப் பிரித்தால் எழுபது வயதிலும் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஆலோசகராக இருப்பவரின் சிரித்த முகம். ஓய்வு பெற்ற நீதிபதிக்கு ஒரு விசாரணைக் கமிஷன், ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி. டாக்டரும் சொல்கிறார்: “சும்மா இருக்காதீங்க, எங்கயாவது ஒரு வேலையில போயி ஒக்காருங்க.”

இந்தப் பேச்சை முழுப்பொய் என்று நான் தள்ளிவிடப் போவதில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் யாருடைய உண்மை என்று கேட்காமல் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ‘போயி ஒக்காருங்க’ என்கிறாரே டாக்டர், அது உட்கார்ந்து வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பொருந்தும். முப்பது வருஷம் குனிந்தே வேலை செய்தவர்களுக்கு அவர் என்ன சொல்வார்?

கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம். வயதான காலத்தில் செய்கிற வேலை எப்போது மனிதரை வாழவைக்கிறது, எப்போது அரித்துத் தின்கிறது? இது மருத்துவம் மட்டும் பதில் சொல்லிவிடுகிற கேள்வி அல்ல. அறம் பற்றிய கேள்வி. நம்மைப் பொறுத்தவரை சாதி பற்றிய கேள்வியும் கூட.

1

நமது மரபிலேயே ஓய்வுக்கு இடம் உண்டு என்று பெருமை பேசுகிறவர்கள் நான்கு ஆசிரமங்களைக் காட்டுவார்கள். பிரமசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையின் முகம் பார்த்துவிட்டால் குடும்பத்தை விட்டு வனம் போகலாம் என்கிறது மநு தர்மம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு இருபிறப்பாளருக்கு மட்டும். சூத்திரனுக்கு விதிக்கப்பட்டது மேல் வருணத்தாருக்கு ஊழியம் செய்வது. அந்த ஊழியத்துக்கு வானப்பிரஸ்தம் கிடையாது. அவனால் முடிந்தாலும் பொருள் சேர்த்து வைக்கக் கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. சேமிப்பு இல்லாதவனுக்கு ஓய்வு எங்கிருந்து வரும்? ஓரிடத்தில் மட்டும் மநு இரக்கப்படுகிறார். தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்டால் சூத்திரனும் மரியாதைக்கு உரியவனாம். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்தத் தொண்ணூறும் இல்லை. 1927 டிசம்பர் 25இல் மகத்தில் இந்த நூலைக் கொளுத்தினார்களே, அந்த நெருப்பில் இந்தக் கணக்கும் சேர்த்துத்தான் எரிந்தது.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துவைப்பது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். அதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. வேலையிலிருந்து ஒருவர் ஓய்வு பெறலாம், அடுக்கிலிருந்து ஓய்வு பெற முடியாது. ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்க, குழி வெட்ட, செத்த மாட்டைத் தூக்க ஆள் வந்தாகவேண்டும். கிழவனுக்குக் கை ஓயலாம், தொழில் ஓயாது. அப்பன் கை விழுந்த இடத்தில் மகன் கை வைக்கவேண்டும். அறுபது வயதானவனையும் பத்து வயதுப் பொடியன் ‘டேய்’ என்று கூப்பிடுகிற இடத்தில், வயதுக்கு ஏது மதிப்பு? வயதுக்கு மதிப்பு இல்லாத இடத்தில் ஓய்வு என்ற சொல் எப்படி முளைக்கும்?

2

ஓய்வூதியம் எங்கும் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. ஜெர்மனியில் 1889இல் பிஸ்மார்க் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தார் என்றால், தொழிலாளிகள் சோசலிஸ்டுகள் பக்கம் போய்விடுவார்களே என்ற பயம் அதில் இருந்தது. அதற்கும் வயது எழுபது என்று வைத்தார்கள். நம் மாநிலத்தில் 1962இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்தது. 1995இல் மத்திய அரசு தன் பங்காக 75 ரூபாய் என்றது. நாளைக்கு இரண்டரை ரூபாய். 2006இல் அதை 200 ஆக்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டது. மாநில அரசு தன் பங்கைக் கூட்டி 2011இல் மொத்தம் 1,000 ஆக்கியது, 2023இல் 1,200 ஆக்கியது. நாளைக்கு 40 ரூபாய்.

எங்கள் பக்கத்துச் சேரியில் எனக்குப் பெரியம்மா முறை ஆகிறவர் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். நடவு, களை, அறுப்பு என்று ஆயுசெல்லாம் அடுத்தவன் நிலத்தில் போனது. 2005 சட்டத்தால் வந்த நூறுநாள் வேலைக்கு ஏரிக்கரைக்கு மண்வெட்டப் போய்க்கொண்டிருந்தார். “ஏம் பெரிம்மா, இந்த வயசுல எதுக்கு வெயில்ல?” என்று கேட்டேன். “நாப்பது ரூவாயில ஒரு நாள ஓட்டிக் காட்டு கண்ணு, நான் ஒக்காந்துக்கறன்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஒக்காந்தா ஒடம்பு துருப்புடிச்சிப்பூடும்னு ஆண்ட சொல்லுவாரு. அவரு கடசிவரைக்கும் ஒக்காந்தேதான் இருந்தாரு, அவருக்கு ஒண்ணும் துருப்புடிக்கல” என்றார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. “ஆனா ஒண்ணு கண்ணு, வூட்டுலயே கெடந்தா மனசு என்னமோ பண்ணுது. ஏரியில நாலு சனத்தப் பாத்து நாலு கத பேசுனாத்தான் சோறு எறங்குது” என்றார்.

ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு உண்மைகள் இவை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ‘கிழவிகளை ஏன் வேலை வாங்குகிறீர்கள்’ என்று கேட்கத் தோன்றும். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அவர் படத்தையும் போட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

3

வேலை கூலியைத் தவிர வேறு எதைத் தருகிறது என்பதை ஆஸ்திரியாவில் ஒரு சிறு ஊரை வைத்து ஆராய்ந்தார்கள். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்ற ஆலை ஊர். உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலையை மூடியதும் ஊரே வேலையிழந்தது. மரி யஹோதா, லாசர்ஸ்ஃபெல்ட், ஸைசல் ஆகியோர் அதை ஆராய்ந்து 1933இல் புத்தகம் வெளியிட்டார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. இரண்டடி நடந்து நின்றார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். ஏனென்றால் ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை.

பின்னாளில் யஹோதா இதை ஐந்தாகத் தொகுத்துச் சொன்னார். வேலை நாளுக்கு ஓர் ஒழுங்கு தருகிறது. வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது. பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணத்தைத் தருகிறது. சமூகத்தில் ஒரு மதிப்பைத் தருகிறது. கையையும் மனசையும் ஓடவைக்கிறது. இந்த ஐந்தும் போவதால்தான் வேலையிழந்தவரின் மனசு உடைகிறது. ஓய்வு பெற்றவரின் மனசு உடைவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

நான்கை ஒப்புக்கொள்ளலாம். ‘மதிப்பு’ என்ற இடத்தில் எனக்கு இடிக்கிறது. மரியந்தால் தொழிலாளி தன் வேலையைச் சொல்லி நிமிர்ந்து நின்றிருப்பார். சாக்கடை அள்ளியவருக்கு அந்த வேலை எதைக் கொடுத்தது? அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் எதைக் கொடுத்தது? ஒரு வேலை நாள்தோறும் ஒரு மனிதனை இழிவுபடுத்தியபடியே அவனுக்குச் சோறும் சேக்காளிகளும் விடியற்காலை ஒழுங்கும் தருகிறது என்றால், அந்த வேலை போவது அவனுக்கு விடுதலையா, இழப்பா? இந்தச் சிக்கலைப் புத்தகத்தில் தேடுவதைவிட எங்கள் வீட்டிலேயே தேடுவது எனக்குச் சுலபம்.

4

எங்க அப்பா வடமாவட்டத்தில் ஒரு நகராட்சியில் 34 வருஷம் துப்புரவுத் தொழிலாளி. 2011இல் அறுபது வயதில் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, கமிஷனர் கையால் ஒரு சுவர்க் கடிகாரம். வீட்டுக்கு வந்து, “இனிமே எவன் பீயையும் நான் தொடமாட்டன்” என்று சொன்னார். அம்மா அழுதார். அது சந்தோஷ அழுகைதான்.

மறுநாளும் நாலு மணிக்கு எழுந்துவிட்டார். மஸ்டர் போடுகிற இடத்துக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றார். கூட வேலை செய்தவர்கள் வண்டி தள்ளிக்கொண்டு கலைந்து போனதும் வீட்டுக்கு வருவார். பகலெல்லாம் படுத்திருப்பார், தூங்கமாட்டார். எங்கள் ஜனங்களிடம் இதற்கு மன அழுத்தம் என்ற பேரெல்லாம் கிடையாது. ‘மனசு நெலையில இல்ல’ என்பார்கள். அதோடு சரி. குடியும் கூடியது. நாற்றம் தாங்கத்தான் குடிக்க ஆரம்பித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்றம் போய்விட்டது, குடி போகவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கான்ட்ராக்ட்காரரின் சூப்பர்வைசர் தேடி வந்தார். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் கால்வாய் ஓடுகிறது, மழைக்கு எங்கே அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும். முப்பது வருஷம் தற்குறி என்று திட்டிய இடத்துக்கு இப்போது அந்தத் தற்குறியின் அறிவு வேண்டியிருந்தது. நாளைக்கு 180 ரூபாய். மஸ்டரில் அவர் பெயர் இருக்காது, வேறு யார் பெயரிலோ கணக்கு. அடிபட்டால் கேட்க நாதியில்லை.

அப்பா போனார். அக்கா கல்யாணத்துக்கும் என் எம்.ஏ. படிப்புக்கும் வாங்கிய கடன் இருந்தது. பென்ஷன் வருகிற ஏ.டி.எம். கார்டு வட்டிக்காரர் பெட்டியில் இருந்தது. ‘எவன் பீயையும் தொடமாட்டன்’ என்று சொன்னவர் நாலாவது மாதம் அதே கால்வாயில் இறங்கினார். அம்மாவிடம் கேட்டபோது சொன்னார்: “வூட்டுல இருந்தாலும் குடிக்கிறாரு, போனாலும் குடிக்கிறாரு. போனா அவரு காசுல குடிக்கிறாரு, அவ்ளோதான்.”

அந்த நாட்களில் அப்பாவுக்குக் காலை ஒழுங்கு திரும்பிவிட்டது. சேக்காளிகள் திரும்பினார்கள். கைக்கு வேலை இருந்தது. யஹோதாவின் பட்டியலில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஆனால் மனிதர் தேறவில்லை. முன்பாவது நகராட்சித் தொழிலாளி, சங்கத்தில் உறுப்பினர், திட்டினால் சங்கத்துக்குப் போகலாம். இப்போது தன் பிள்ளை வயதுக்காரனிடம், “நாளைக்கு வரட்டுமா தம்பி?” என்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலைக்கு அதைவிடத் தாழ்ந்த நிலையில் திரும்பிப் போவது என்பது ஒருவரை இரண்டாவது தடவை சேரியில் பிறக்கவைப்பதைப் போன்றது. முதல் தடவை பிறந்தது அவர் கையில் இல்லை. இரண்டாவது தடவை அவரே நடந்து போகிற மாதிரி வைத்துவிடுகிறார்கள். அதனால் அவமானத்தையும் அவர் தன் மேலேயே போட்டுக்கொள்கிறார்.

‘வேறு தொழில் செய்திருக்கலாமே, சின்னதாக ஒரு கடை வைத்திருக்கலாமே’ என்று கேட்கிறவர்கள் உண்டு. 2014இல் கடன் கொஞ்சம் இறங்கியதும் அதைத்தான் செய்யப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் இட்லிக் கடை போட இடம் கேட்டோம். அப்பா முப்பது வருஷம் பெருக்கிய ரோடு. இடத்துக்காரர் கெட்டவார்த்தை ஒன்றும் பேசவில்லை. “ஒன் கையால யாருப்பா வாங்கித் தின்னுவாங்க? நீயே யோசி” என்று நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னது நடைமுறை உண்மைதான் என்பதுதான் கொடுமை. ஓய்வுக்குப் பின் சுயதொழில் செய்யுங்கள் என்று யோசனை சொல்கிறவர்கள், எந்தக் கையால் செய்த பண்டத்தை எந்த வாய் தின்னும் என்பதற்கு இந்த நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியில் எங்கள் காலனி முனையிலேயே அடுப்பு வைத்தோம். வருகிறவர்கள் எல்லாம் நம்ம ஜனம். பாதிப் பேர் கடன். பெரிய லாபம் இல்லை. அப்பா நாலு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறார். குடி நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. சூப்பர்வைசர் மறுபடியும் ஒரு மழை நாளில் வந்தார். அப்பா மாவுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “முடியாது தம்பி, கடையிருக்கு” என்றார். கடையில் கிடைப்பது கான்ட்ராக்டில் கிடைத்ததைவிடக் குறைவு. உழைப்பு அதைவிடக் குறைவு என்றும் சொல்ல முடியாது. மாறியது ஒன்றுதான். அவரால் ‘முடியாது’ என்று சொல்ல முடிந்தது.

5

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் கணக்கு நேராகாது. அம்மாவும் நடவுக்குப் போனவர்தான். அவருக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை, கடிகாரம் கொடுக்கவில்லை. அப்பா ஓய்வு பெற்ற அன்றும் சோறாக்கினார். கடையில் மாவு ஆட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் அம்மாதான். மரியந்தால் பெண்கள் வேகமாக நடந்ததை ஏதோ அவர்களுடைய மனவலிமை என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிற்க அவர்களுக்கு நேரமில்லை. ஓய்வு பெற்ற ஆணின் மனநலம் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்த மனநலத்தை வீட்டில் கட்டிக் காக்கிற பெண்ணுக்கு ஓய்வு எப்போது என்று கேட்பதில்லை. தலித் இயக்கத்து ஆண்களாகிய நாமும் கேட்பதில்லை.

6

இன்னொரு வகை மனிதர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ ஆகி ஓய்வு பெற்றவர்கள். இவர்களுக்குப் பென்ஷன் இருக்கிறது, வயிற்றுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் இவர்களுடைய இழப்பு வேறு மாதிரி. மேல்சாதிக்காரர் பதவியிலிருந்து இறங்கினாலும் பிள்ளைவாளாகவோ ஐயராகவோ தெருவில் நடக்கலாம். நம் ஆசிரியருக்குச் சமூகம் கொடுத்த ‘சார்’ நாற்காலியோடு சேர்ந்தது. நாற்காலி போன மறுவருஷம் ஊருக்குப் போனால் அவர் மறுபடியும் இன்னார் மகன்தான். அவர்களில் பலர் உள்ளுக்குள் ஒடிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே பெயர்ப்பலகையில் ‘ஓய்வு’ என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டு, பழைய பதவியை விடாமல் எழுதிவைப்பது வெறும் பெருமைக்காக இல்லை. அது ஒரு கவசம்.

இவர்களில் தேறியவர்கள் யார் என்று பார்த்தால், தனியார் கல்லூரியில் மறுபடி சம்பளத்துக்குப் போனவர்களைவிட, சேரியில் மாலைப் பள்ளி நடத்தியவர்களும், சாதிச் சான்றிதழுக்கு அலைகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர்களும், அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்தவர்களும்தான் என்று நான் பார்த்தவரையில் சொல்வேன். படித்து மேலே போனவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று 1956 மார்ச்சில் ஆக்ராவில் அம்பேத்கர் மனம் வெதும்பிப் பேசினார். அந்தக் குறைக்குப் பதில் சொல்ல ஓய்வுக்காலம் ஒரு வாய்ப்பு.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 62. 1914இல் சாகும்வரை நடத்தினார். இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டு, அறுபதை ஒட்டிய வயதில் ஊர் திரும்பினார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். 1923இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்குப் போனார். பொதுச் சாலையும் கிணறும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது வயது எழுபதை ஒட்டியிருந்தது. ஓய்வுக்குப் பின் வேலை என்றால் இதுவும் வேலைதான். யாரும் அவர்களை மஸ்டரில் நிறுத்தி வாங்கவில்லை.

7

இப்போது கேள்விக்கு வருவோம். பெரியம்மாவின் ஏரிக்கரை, அப்பாவின் கால்வாய், அப்பாவின் அடுப்பு, ஆசிரியரின் மாலைப் பள்ளி. நான்கும் வேலைதான். நான்கிலும் உடம்பு நோகிறது. மனசைக் கெடுப்பதையும் தேற்றுவதையும் பிரிக்கிற கோடு கூலியிலோ களைப்பிலோ இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்பதில் இருக்கிறது. மறுக்க முடிகிற வேலை வயதானவருக்கு மருந்தாகலாம். மறுக்க முடியாத வேலை, அதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும், அடிமை ஊழியத்தின் தொடர்ச்சிதான்.

‘கடனுக்காகப் போவதும் அவரவர் முடிவுதானே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?’ என்று வாதம் செய்யலாம். பசிக்கிறவன் முன்னால் ஒரே ஒரு தட்டை வைத்துவிட்டு, அவனே தேர்ந்தெடுத்தான் என்று சொல்வது போன்ற வாதம் இது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்றும் சொல்வார்கள்: ‘அப்படியென்றால் வயதானவர்களை வேலைக்கே விடக்கூடாது.’ இதையும் நான் ஏற்கமாட்டேன். நாற்பது ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு ஏரிக்கரைக்கு வராதே என்று பெரியம்மாவை நிறுத்தினால், அவருடைய கஞ்சியையும் பறித்து, நாலு சனத்தையும் பறித்ததாகும். முதலில் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு ஓய்வூதியம். அதற்குப் பிறகும் அவர் எழுந்து ஏரிக்குப் போனால் அது அவர் இஷ்டம். இந்த வரிசையை மாற்றிப் போடக் கூடாது.

ஆனால் வரிசை எதிர்ப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றார்கள். துப்புரவு வேலையோ 2000லிருந்தே சென்னையில் மண்டலம் மண்டலமாகத் தனியாருக்குப் போனது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகைக்கு முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டது நிரந்தர வேலை. நிரந்தர வேலை கேட்பது என்றால் சம்பளம் கேட்பது மட்டுமல்ல, ஒருநாள் ஓய்வு பெறுகிற உரிமையைக் கேட்பதும்தான். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று கிடையாது. ‘நாளையிலிருந்து வராதே’ என்கிற ஒரு நாள்தான் உண்டு. எங்க அப்பாவுக்கு, ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்வியாவது இருந்தது. அடுத்த தலைமுறைக்கு அந்தக் கேள்வியே இல்லாமல் செய்கிறார்கள்.

ஆகவே முதியோர் மனநலம் பற்றிக் கூட்டம் போடுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். யோகாவும் பொழுதுபோக்கும் இருக்கட்டும். விவசாயக் கூலிக்கும், வீட்டு வேலைக்காரம்மாவுக்கும், கான்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளிக்கும் உயிர் வாழப் போதுமான ஓய்வூதியம் எப்போது? ஓய்வு பெற்றவரை அதே சாக்கடைக்குக் கான்ட்ராக்டில் கூப்பிடுவதைத் தடை செய்வது எப்போது? இவற்றுக்குப் பதில் வரட்டும். சும்மா இருப்பதா, வேலைக்குப் போவதா என்பதை அதற்குப் பிறகு எங்கள் கிழவர்களும் கிழவிகளும் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.